வெள்ளத்தில் நின்றுபோன பாக்ஸ்டர்: உதவி தேவை

டர்பன் நண்பர்களே, கார் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

நேற்று மழையில் என் தம்பி தன் போர்ஷே பாக்ஸ்டரை (2003 மாடல்) சாட்ஸ்வொர்த்தில் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டான். முன்னால் போன பிக்கப் தாண்டிவிட்டதாம்! 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இப்படி ஒரு தைரியம். பாதியிலேயே இன்ஜின் நின்றுவிட்டது.

இந்தக் காரில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால், அதாவது காரின் நடுவில். கதவுக்குப் பின்புறத் துவாரம் வழியாகத்தான் காற்று போகும். ஏர் ஃபில்டர் பிழிந்தால் சொட்டுகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிடும் என்பதால் பேட்டரியைக் கழற்றிவிட்டேன், சாவியும் என்னிடம்தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் பெட்டியும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) நனைந்திருக்கிறது. அதைக் காயவைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் “சூப்பர் கார் தொடமாட்டோம்” என்கிறார்கள். இன்ஜின் நடுவில் இருந்தால் சூப்பர் காராகிவிடுமா? நடுவில் இன்ஜின் வைத்த சூப்பர் கார் என்றால் 1966 லம்போர்கினி மியூரா; அது எங்கே, இது எங்கே! இது வெறும் ஸ்போர்ட்ஸ் கார்.

ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றத் தெரிந்த மெக்கானிக் ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் யாராவது உண்டா? அப்புறம், தாழ்வான காரை ஏற்றிப்போக ஃபிளாட்பெட் (தட்டையான தளமுள்ள) வண்டியும் வேண்டும்.