கதவுக்குப் போகும் கேபிளை எப்படி ரூட் செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஒரு கண்ட்ரோல் பேனலின் வயரிங்கை சாலிட்வொர்க்ஸ் ரூட்டிங்கில் (3டி மாடலில் கேபிள் போகும் பாதையை, அதாவது ரூட்டை, வரையும் மென்பொருள்) வரைந்துகொண்டிருக்கிறேன். கனெக்டர்களில் சி-பாயின்ட் (கேபிள் சேரும் இணைப்புப் புள்ளி) இருக்கிறது, கிளிப்களுக்கு அச்சும் கொடுத்தாயிற்று. ஆட்டோ ரூட் போட்டால் கேபிள் ஒழுங்காகக் கிளிப் வழியே போகிறது. பேனலுக்குள் எல்லாம் சரி.

தலைவலி கதவில்தான். 8 மி.மீ. விட்டமுள்ள கேபிள் கீல் பக்கமாகக் கதவுக்குத் தாண்டுகிறது. அசையும் இடம் என்பதால் வளைவு ஆரத்தை விட்டத்தைப்போல் 10 மடங்கு, அதாவது 80 மி.மீ. என்று வைத்திருக்கிறேன். கதவு மூடியிருக்கும்போது அது கிடைக்கிறது. 90 டிகிரி திறந்தால் ஸ்ப்லைன் (கேபிளின் பாதையைக் காட்டும் வளைகோடு) வேறு வடிவம் எடுத்து, கேபிளின் நீளமே மாறிவிடுகிறது. நிஜக் கேபிள் ரப்பர் மாதிரி நீளாதே! எந்த நீளத்துக்கு வெட்டச் சொல்வது?

இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி ரூட் வரைந்து, நீளமானதை எடுத்துக்கொள்வதா? இல்லை, நீளத்தைப் பூட்டிவிட்டு ஒரே ரூட்டில் முடிக்க நம்பகமான வழி இருக்கிறதா? கீலின் அச்சுக்கு இணையாகக் கேபிளை ஓடவிட்டால் வளைவதற்குப் பதில் முறுக்கத்தில் சமாளிக்கும் என்பது என் கணிப்பு. அப்படிச் செய்தவர்கள் கிளிப்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?

இன்னொன்று: கிளிப்களை ஷீட் மெட்டல் (தகடு) முகங்களோடு மேட் செய்யாமல் (பொருத்திப் பிணைக்காமல்), ஒரு லேஅவுட் ஸ்கெட்ச்சோடு (இடங்களைக் குறிக்கும் அடிப்படை வரைபடத்தோடு) பிணைப்பவர்கள் இருக்கிறீர்களா? தகடு மாறும்போதெல்லாம் ரூட்டைத் திரும்ப வரைய முடியவில்லை. வேறு மென்பொருளில் செய்த அனுபவமானாலும் சொல்லுங்கள், முறைதான் வேண்டும்.