கடலூர் புற்றுநோய் இறப்புக் கணக்கு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பெரியப்பா காரியத்துக்கு வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் யார் யார் புற்றுநோயில் போனார்கள் என்று விரல்விட்டு எண்ணினார்கள். பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். பத்து வருடத்தில் 7 பேர். "எல்லாம் கம்பெனிப் புகைதான்" என்றார் சித்தப்பா. இருக்கலாம். ஆனால் 7 என்பது அதிகமா, வழக்கமா?

நாடு முழுவதற்கும் குளோபோகான் (உலக நாடுகளின் புற்றுநோய்க் கணக்குகளைத் திரட்டும் தரவுத்தளம்) மதிப்பீடு இருக்கிறது: 2022-இல் சுமார் 9 லட்சம் புற்றுநோய் இறப்புகள். கடலூர் மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 26 லட்சம். சரி, வகுத்துப் பார்க்கலாம் என்றால், எங்கள் தெருவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். வயதைச் சீராக்காமல், அதாவது முதியவர்கள் எத்தனை பேர் என்ற வித்தியாசத்தைச் சரிசெய்யாமல், ஒப்பிட்டால் கணக்கு ஏமாற்றிவிடும்.

இன்னொரு சிக்கல், பெரியப்பா இறந்தது புதுச்சேரி ஆஸ்பத்திரியில். இறப்பு நடந்த ஊரில்தான் பதிவாகும். அதனால் அவர் கடலூர்ப் பதிவிலேயே இல்லை. இறப்புச் சான்றிதழில் காரணமும் அச்சாகாது.

தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டில், வசிப்பிடத்தின்படி மாவட்டவாரி இறப்பு எண்ணிக்கையை எங்கே, யாரிடம் கேட்பது? ஐந்தாறு வருடத்துக்காவது வேண்டும். ஒரு வருடத்தை வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது. அப்புறம், எக்செலில் வயது சீராக்கத் தெரிந்தவர்கள் ஒரு மாதிரித் தாள் அனுப்பினால் பிழைத்துக்கொள்வேன். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போடவில்லை, அதில் பெயர்கள் இருக்கின்றன.