வீடியோ பார்த்து கியர் செட் பண்ணியும் செயின் தாண்டுது

ஏழுகியர்:
3x7 கியர் சைக்கிள் (முன்னாடி 3, பின்னாடி 7 பல்சக்கரம்). எழுந்து நின்னு அழுத்தி மிதிச்சா பின்னாடி செயின் 'டக்'குனு தாண்டுது, அதுவும் சின்ன பல்சக்கரங்களில்தான். வீடியோவில் பார்த்து பின் டீரெய்லரில் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்துற பாகம்) இருக்கிற எச், எல் ஸ்க்ரூ ரெண்டையும் ஒரு சுற்று திருப்பினேன். இப்போ ஏழாவது கியரே விழல. செயினும் புதுசு மாத்தியாச்சு, தாண்டுறது முன்னைவிட அதிகமாத்தான் ஆகுது.

பேரிங்குண்டு:
அந்த ஸ்க்ரூ ரெண்டும் கியர் செட் பண்றதுக்கு இல்ல நண்பரே. டீரெய்லர் ரெண்டு பக்கமும் எதுவரைக்கும் போகலாம்னு தடுக்கிறதுதான் அதோட வேலை. எச் சின்ன பல்சக்கரப் பக்கம், எல் பெரிய பல்சக்கரப் பக்கம். எல் லூஸானா செயின் ஸ்போக்குக்குள்ள பாயும், முதல்ல அதைத் திருப்பின அளவு திரும்ப வைங்க.

ஷிஃப்டரை (ஹேண்டில்பாரில் கியர் மாத்துறது) 7-ல் வச்சு கேபிளைக் கழற்றிட்டு பின்னாலிருந்து பாருங்க. மேல் ஜாக்கி வீல் (டீரெய்லரில் செயின் ஓடுற குட்டிச் சக்கரம்) கடைசி சின்ன பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கிற வரைக்கும் எச் ஸ்க்ரூவைத் திருப்பணும். பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுவையைக் கூட்டிக் குறைக்கிற திருகு) முழுசா உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்து, கேபிளை இழுத்துப் பிடிச்சு போல்ட்டை இறுக்குங்க. ஒரு கிளிக் தட்டினா அடுத்த பல்சக்கரத்துக்கு ஏறணும். தயங்கினா பேரலைக் கால் சுற்று வெளியே; மூணாவது பல்சக்கரத்தை உரசினா கால் சுற்று உள்ளே.

கிரீஸ்கை:
ஏழாவது கியர் அதில் சரியாகும். தாண்டுறது ஆகாது. அழுத்தும்போது மட்டும், அதுவும் புது செயின் போட்டதும் கூடுதுன்னா ஃப்ரீவீல் (பின் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த தொகுதி) தேஞ்சிருக்கு. பழைய செயின் நீள நீள பல்லும் அதுக்கேத்த மாதிரி தேய்ஞ்சிடும். புது செயினோட ரோலர் அதில் ஒழுங்கா உட்காராது. சின்ன சக்கரத்தில் பல் குறைவு, அதனால அதுதான் முதல்ல போகும்.

செயினை ஸ்கேல் வச்சு அளந்துக்கிட்டே இருந்தா இந்தச் செலவு வராது. செயினில் ஒரு பின் (லிங்க்குகளை இணைக்கிற ஊசி) நடுவில் பூஜ்யம் வச்சா அதிலிருந்து 24-வது பின் சரியா 12 அங்குலத்தில் நிற்கணும். 1/16 அங்குலம் கூடினா செயின் மட்டும் மாத்துங்க. 1/8 கூடிட்டா ஃப்ரீவீலும் சேர்த்து.

ஏழுகியர்:
ஃப்ரீவீல் கழற்ற செயின் விப் (பல்சக்கரம் சுத்தாம பிடிக்கிற, செயின் துண்டு வச்ச கருவி) வேணுமா? வீடியோவில் அதைத்தான் காட்டுறாங்க.

கிரீஸ்கை:
அது கேசட்டுக்கு (ஹப்பில் செருகி லாக் ரிங்கால் இறுக்குற பல்சக்கரத் தொகுதி). 7 கியர் வண்டியில் பெரும்பாலும் ஹப்பில் மரையோட ஏறுற ஃப்ரீவீல்தான், ரிமூவர் (ஃப்ரீவீலில் பொருத்திக் கழற்றுற கருவி) போதும். அச்சு நட்டை அதுக்கு மேலே லேசா மாட்டினா ரிமூவர் வழுக்காது. ரிமூவரை வைஸில் (மேசையில் பொருத்தின இறுக்குப் பிடி) பிடிச்சு, வீலை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியா திருப்புங்க. கொஞ்சம் அசைஞ்சதும் நட்டைக் கழற்றிடணும், மறந்தா அச்சு கெட்டுடும். புதுசு மாட்டும்போது மரையில் கிரீஸ் கட்டாயம். மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கிக்கிட்டே போகும்.

பேரிங்குண்டு:
அதுக்கு முன்னாடி செயின் சேர்த்த லிங்க் விறைப்பா இருக்கான்னு பெடலைப் பின்னாடி சுத்திப் பாருங்க. விறைச்ச லிங்க் வரும்போதெல்லாம் ஜாக்கி வீல் துள்ளும்.