ஏலத்தில் பிட் போடும் முன்பே வரியைக் கழியுங்கள்: சேகரிப்புப் பொருள்களும் அமெரிக்க சேல்ஸ் டாக்ஸும் (அனுபவப் பகிர்வு)

செப்புக்காசு:

அமெரிக்காவில் இருந்துகொண்டு நாணயம், தபால்தலை, கார்டு (படம் போட்ட சேகரிப்பு அட்டை), மாடல் ரயில் என்று ஆன்லைனில் வாங்கி விற்கும் நம்மவர்களுக்காக இந்த இழை. பொதுப் புலம்பல் வேண்டாம். வரி எந்த இடத்தில் இடிக்கிறது, எவ்வளவு இடிக்கிறது என்று கணக்கோடு எழுதுங்கள்.

பின்னணி சுருக்கமாக: ஒரு விற்பனையாளருக்குக் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத மாநிலம் அவரை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று 1992இல் குவில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2018 ஜூன் 21 அன்று வேஃபேர் வழக்கில் 5-4 என்ற கணக்கில் அது மாறியது. அதையொட்டி ஈபே, எட்ஸி போன்ற தளங்களே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. வரி அன்றைக்குப் புதிதாக முளைக்கவில்லை. யூஸ் டாக்ஸ் என்ற பெயரில் வாங்குபவர் தானே கட்ட வேண்டும் என்று முன்பிருந்தே உண்டு. கலிபோர்னியாவின் வருமான வரிப் படிவமான 540இல் 91ஆம் கட்டம் அதற்குத்தான். பலர் அதை நிரப்பாமல் விட்டார்கள், இப்போது பணம் கட்டும் பக்கத்திலேயே பிடித்துவிடுகிறார்கள்.

ஏலத்தில் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். கையில் 200 டாலர், ஷிப்பிங் 6 டாலர் என்றால் 194 வரை பிட் போடுகிறார்கள். வரி 9% உள்ள ஊரில், ஷிப்பிங்குக்கு வரி இல்லாவிட்டாலும் 194 டாலருக்கு எடுத்த பொருள் 217.46க்கு வந்து நிற்கும். சரியான கணக்கு: 200இல் 6ஐக் கழித்து 1.09ஆல் வகுக்க வேண்டும், 177.98. ஷிப்பிங்குக்கும் வரி போடும் மாநிலமானால் முதலில் 200ஐ 1.09ஆல் வகுத்துவிட்டு, பிறகு 6ஐக் கழிக்க வேண்டும், 177.49. ஏல நிறுவனங்களில் பையர்ஸ் பிரீமியத்துக்கும் (ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவரிடம் நிறுவனம் பிடிக்கும் கட்டணம்) சேர்த்தே வரி வரும், அதையும் மறக்காதீர்கள்.

இந்த வரி வாங்குபவருடையது என்று விற்பவர் நிம்மதியாக இருக்கக் கூடாது. ஒரே பொருளுக்கு இருவரும் 1,000 டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரிகனில் இருப்பவர் 1,000 வரை போகலாம், அங்கே சேல்ஸ் டாக்ஸ் கிடையாது. 9% ஊர்க்காரர் 917உடன் நின்றுவிடுவார். கடைசி இரண்டு பிட்டும் வரி உள்ள ஊர்களிலிருந்து வந்தால், அந்த வித்தியாசம் விற்பவர் கையிலிருந்துதான் போகிறது.

கார்டுபெட்டி:

விற்பவர் பக்கம் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஈபேயின் ஃபைனல் வேல்யூ ஃபீ (விற்றதும் தளம் விற்பவரிடம் எடுக்கும் கமிஷன்) பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. ஷிப்பிங்கும் வாங்குபவர் கட்டும் சேல்ஸ் டாக்ஸும் சேர்ந்த மொத்தத்துக்குக் கணக்கிடுகிறார்கள். கார்டு 100, ஷிப்பிங் 10, வரி 8% என்றால் மொத்தம் 118.80. ஃபீ 13% என்று வைத்தால் 15.44. வரி இல்லாத மாநிலத்துக்கு அனுப்பினால் 14.30தான். நம் கைக்கே வராத 8.80க்காக 1.14 டாலர் ஃபீ போகிறது. ஐந்து டாலர், பத்து டாலர் கார்டுகளை நூறு நூறாக விற்பவர்கள் விலை வைக்கும்போதே இதைச் சேர்க்க வேண்டும். 9% வரியைக் கணக்கில் கொண்டு விலை வைத்தால் பெரும்பாலான மாநிலங்களுக்குப் போதும்.

பகுதிப் பணம் திருப்பித் தர வேண்டி வந்தால் தளத்தின் வழியாகவே தாருங்கள், அதற்குரிய வரியும் வாங்குபவருக்குத் திரும்பும். பேபாலில் தனியாக அனுப்பினால் முழு விலைக்குப் பிடித்த வரி அப்படியே நிற்கும். மூலை மடங்கிய கார்டுக்காக 40 டாலர் தள்ளுபடி கொடுத்துவிட்டு, அந்த 40க்கும் வாங்குபவர் வரி கட்டியிருப்பார். அங்கேதான் சண்டை தொடங்குகிறது.

செப்புக்காசு:

நாணயக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. பல மாநிலங்கள் நாணயத்துக்கும் தங்கம், வெள்ளி புல்லியனுக்கும் (கட்டி, பாளம்) விலக்கு தருகின்றன, ஆனால் விதி ஊருக்கு ஊர் வேறு. டெக்சாஸில் 2013 அக்டோபர் முதல் தொகை எதுவானாலும் வரி இல்லை. கலிபோர்னியாவில் ஒரே பரிவர்த்தனையின் மதிப்பு 2,000 டாலரைத் தொட்டால்தான் விலக்கு; 2022 கடைசி வரை அது 1,500ஆக இருந்தது. 9% ஊரில் 1,950 டாலருக்கு நாணயம் வாங்கினால் 2,125.50 கட்ட வேண்டும். கூடவே 50 டாலர் விலையுள்ள நாணயம் ஒன்றைச் சேர்த்து 2,000 ஆக்கினால் 2,000தான். ஒரே விற்பவரிடம் 1,200 டாலர் நாணயம் இரண்டைத் தனித்தனி இன்வாய்ஸில் எடுத்தால் வரி 216 டாலர். ஒரே இன்வாய்ஸில் எடுத்தால் வரியே இல்லை. அதனால் பணம் கட்டும் முன்பே ஒரே பில் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் நடக்காது.

தபால்தலை, கார்டு, ரயில் எதற்கும் இந்த விலக்கு இல்லை. தளத்தில் விலக்கு கிடைப்பது லிஸ்டிங்கின் கேட்டகரியைப் பொறுத்தது. நாணயத்தை நகைப் பிரிவில் போட்டிருந்தால் கணினி வரி போட்டுவிடும்.

மூன்றாம் மேசை:

மேலே எல்லாம் தளம் வழியாக நடக்கும் விற்பனை. பேஸ்புக் குழுவிலோ வாட்ஸப்பிலோ படம் போட்டு, பணத்தை நேரே வாங்கிக்கொள்பவர்கள் கவனியுங்கள். அங்கே வரியைப் பிடிக்க நடுவில் யாரும் இல்லை, பொறுப்பு விற்பவர் தலையில்தான்.

"லட்சம் டாலர் விற்றால்தானே வரி?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மாநிலத்துக்கு அந்த அளவு விற்றால்தான் அங்கே வரி வசூலிக்க வேண்டும் என்ற அந்த எல்லை, நீங்கள் குடியிராத வெளி மாநிலங்களுக்குத்தான். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அது 5 லட்சம் டாலர். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் எல்லையே கிடையாது. தொழிலாக விற்றால் அங்குள்ளவருக்கு விற்கும் முதல் பொருளிலிருந்தே செல்லர் பெர்மிட் (வரி வசூலித்து விற்க மாநிலம் தரும் அனுமதி) வேண்டும். எப்போதாவது வீட்டுச் சாமான் விற்பவருக்குத் தனிச் சலுகை உண்டு. டெக்சாஸில் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை ஆண்டுக்கு 3,000 டாலர் வரை வரி வசூலிக்காமல் விற்கலாம். விற்பதற்கென்றே வாங்கியதை இதில் சேர்க்க முடியாது.

வெளி மாநில ஷோவில் (சேகரிப்பாளர் சந்தையில்) விற்க மேசை போட்டால், அந்த இரண்டு நாளும் நீங்கள் அந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள். தற்காலிக பெர்மிட் எடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் ஷோ நடத்துபவரே ஒவ்வொரு மேசைக்காரரிடமும் பெர்மிட் விவரம் எழுதி வாங்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை மாலை மேசை விரித்த பிறகு அதைத் தேடாதீர்கள்.

ரயில்பாதை:

ஷிப்பிங் பற்றி ஒரு சேர்க்கை. நியூயார்க், டெக்சாஸ், பென்சில்வேனியாவில் பொருளுக்கு வரி இருந்தால் ஷிப்பிங்குக்கும் வரி. கலிபோர்னியாவில் யுஎஸ்பிஎஸ், யுபிஎஸ் மாதிரி கேரியர் வழியாக அனுப்பி, உண்மையான செலவைத் தனியாகக் காட்டினால் வரி இல்லை. "ஷிப்பிங் அண்ட் ஹேண்ட்லிங்" என்று ஒரே தொகையாக எழுதிவிட்டால் ஹேண்ட்லிங் பங்கு வரிக்குள் வந்துவிடும். எஞ்சின், டிராக் பெட்டி மாதிரி கனமான சாமானில் இது சின்னத் தொகை இல்லை.

சென்னை, கொழும்பிலிருந்து பார்சல் ஃபார்வர்டர் (அமெரிக்கக் கிடங்கில் பார்சலை வாங்கி ஊருக்கு அனுப்பும் நிறுவனம்) வைத்து வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். வரி பார்ப்பது பார்சல் போய்ச் சேரும் அமெரிக்க முகவரியை வைத்து. ஃபுளோரிடா கிடங்கு என்றால் வரி உண்டு, ஓரிகன் அல்லது டெலவேர் கிடங்கு என்றால் இல்லை. கிடங்கிலிருந்து ஊருக்கு ஆகும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கார்டுபெட்டி:

ரீசேல் சர்டிபிகேட் பற்றி யாரும் எழுதவில்லை. திருப்பி விற்பதற்காக வாங்கும் சரக்குக்கு வரி கட்டத் தேவையில்லை, ஆனால் முதலில் செல்லர் பெர்மிட் வேண்டும். பெர்மிட் எண்ணோடு சர்டிபிகேட்டைத் தளத்தில் மாநில வாரியாக ஏற்ற வேண்டும். ஏற்று அனுமதி வந்த பிறகே பிட் போடுங்கள். ஃபுளோரிடாவின் சர்டிபிகேட் டிசம்பர் 31உடன் காலாவதி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பெரிய சிக்கல் ஒரே கணக்கில் சரக்கும் சொந்தச் சேகரிப்பும் கலப்பது. வரி இல்லாமல் வாங்கிய கார்டு பிடித்துப்போய் சொந்த ஆல்பத்துக்குப் போனால், அதன் வாங்கிய விலைக்கு யூஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். இரண்டு கணக்கு வையுங்கள்: ஒன்று கடைக்கு, ஒன்று ஆல்பத்துக்கு. ஆடிட் வந்தால் ஒவ்வொரு பொருளையும் எங்கே விற்றோம் என்று காட்டியே ஆக வேண்டும்.

டெலவேரில் இருக்கும் வால்ட்டுக்கு (கார்டுகளைப் பாதுகாத்து வைக்கும் காப்பகம்) அனுப்பச் சொல்லி வாங்கினால் அப்போது வரி விழாது. கார்டை வீட்டுக்கு வரவழைத்த நாளில் உங்கள் மாநிலத்தின் யூஸ் டாக்ஸ் உயிர் பெறும். வால்ட்டுக்குள்ளேயே விற்றுவிடுபவருக்குத்தான் அது மிச்சம்.

செப்புக்காசு:

"200 பரிவர்த்தனை" என்ற எல்லை இரண்டு வேறு விதிகளில் வந்து பலரைக் குழப்புகிறது, அதனால் பிரித்துச் சொல்கிறேன். தென் டகோட்டாவின் 200 பரிவர்த்தனை எல்லை, வெளி மாநில விற்பவர் வசூலிக்க வேண்டிய சேல்ஸ் டாக்ஸுக்கானது. 2023 ஜூலை 1 முதல் அந்த மாநிலமே அதை எடுத்துவிட்டது. 1099-கே படிவத்துக்கான (உங்கள் விற்பனைத் தொகையைத் தளம் வரித்துறைக்குச் சொல்லும் படிவம்) 20,000 டாலர், 200 பரிவர்த்தனை என்பது வருமான வரி. 600 டாலராகக் குறைக்க 2021இல் சட்டம் வந்தது. 2025 ஜூலைச் சட்டம் பழைய எல்லையையே திரும்பக் கொண்டுவந்தது. படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு.

வாங்கும்போது கட்டிய சேல்ஸ் டாக்ஸ் உங்கள் அசல் விலையில் சேரும். 500 டாலர் நாணயம், வரி 45, ஷிப்பிங் 5 என்றால் அசல் 550. அதை 700க்கு விற்றால் லாபம் 150தான், 200 இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு வரி 28% வரை போகலாம், ஆகவே அந்த 50 டாலருக்கு மதிப்பு உண்டு. தளத்தில் பழைய ஆர்டர்கள் என்றென்றும் இருக்காது. வாங்கிய அன்றே வரித் தொகை தெரியும் இன்வாய்ஸைப் பிடிஎஃப் ஆக இறக்கி, கோப்பின் பெயரில் தேதியும் நாணயத்தின் தரச் சான்றிதழ் எண்ணும் போட்டு வையுங்கள்.