மாம்பழப் பெட்டிக்குள் வைக்க அதிர்ச்சி ஆளி (சுவிட்ச்): எது சரிவரும்?

சுன்னாகம்_தோட்டம்:
வணக்கம். கறுத்தக்கொழும்பான் பெட்டி கட்டி இரவு லொறியில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடைச் சந்தைக்கு அனுப்புகிறோம். விடிய அங்கே திறந்தால் சில பெட்டிகளில் மட்டும் அடித்தட்டுப் பழங்கள் நசிந்திருக்கின்றன. லொறிக்காரர் ரோட்டைச் சொல்கிறார், இறக்குகிறவர்கள் எங்கள் கட்டைச் சொல்கிறார்கள். வவுனியாவில் வேறு லொறிக்கு மாற்றுவதும் உண்டு. அடி எப்போது விழுந்தது என்று நேரத்தோடு பதிய ஒரு சின்னச் சாமான் வேண்டும். எஸ்டபிள்யூ-18010பி சுருள்வில் ஆளியும் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையும் கையில் இருக்கின்றன. போதுமா?

கொக்குவில்_மாணவன்:
அண்ணை, பழைய ஃபோன் ஒன்றை உள்ளே வையுங்கோ. அதிலேயே வேகம் மாறுவதை அளக்கும் ஆர்முடுகல்மானி இருக்குத்தானே.

பழைய_றேடியோ:
ஃபோன் சரிவராது தம்பி. பெரும்பாலான ஃபோன்கள் 8 அல்லது 16 ஜீக்கு மேல் அளக்காது (ஒரு ஜீ என்பது புவியீர்ப்பின் அளவு). பெட்டி விழும் கணக்கைப் பாருங்கள்: விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் பிரித்தால் சராசரி அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) ஜீயில் வரும். 60 சென்ரிமீற்றரிலிருந்து விழுந்து, வைக்கோல் 2 சென்ரிமீற்றர் அமுங்கினால் 30 ஜீ. மூலை அடிபட்டு அரைச் சென்ரிமீற்றரில் நின்றால் 120 ஜீ. ரோட்டுக் குழிகள் இந்த அளவுக்குக் கிட்டவும் வராது. ஆகவே உங்கள் சண்டையைத் தீர்க்க, பெரிய அடியை மட்டும் பிடிக்கும் சாமான்தான் வேண்டும்.

உங்களிடம் இருக்கும் ஆளியில் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி மெல்லிய வில். ஆடினால் வில் கம்பியைத் தொடும், அவ்வளவுதான். அது தட்டினாலே தொடுகிற சாதி. ஊனோவில் மின் நின்றாலும் அழியாத நினைவகமான ஈப்ரொம்மில் 1024 பைட், அடி ஒன்றுக்கு 4 பைட் என்றால் 256 பதிவு. லொறி கொடிகாமம் தாண்டமுன் நிரம்பிவிடும். நீலத் திருகி உள்ள மொடியூலை வாங்கினாலும் இதே கதைதான். அந்தத் திருகி மின்னழுத்த ஒப்பீட்டைத்தான் மாற்றும், வில்லின் விறைப்பை மாற்றாது.

நீங்களே செய்வதென்றால் வழி உண்டு. திணிவை வில்லில் தொங்கவிட்டு, தன் பாரத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதன் 30 மடங்கு இடைவெளி விட்டால் ஏறத்தாழ 30 ஜீயில் தொடும். ஆனால் மேலே சொன்ன 120 ஜீ அடி 3 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். திணிவு பாரமாகவும் இடைவெளி பெரிதாகவும் இருந்தால் அது தொடமுன் அடி ஓய்ந்துவிடும். சிலிக்கனில் செதுக்கும் நுண்ணாளிகளில் இடைவெளி மைக்ரோமீற்றர் கணக்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் செய்வதானால் வில்லோடு மினக்கெட மாட்டேன், ஏடிஎக்ஸ்எல்372 என்ற ஆர்முடுகல் உணரி மொடியூல் ஒன்று எடுப்பேன். 200 ஜீ வரை அளக்கும்.

சுன்னாகம்_தோட்டம்:
நன்றி அண்ணை. ஆளி பற்றறியே தின்னாது என்கிறார்களே, அதை விட்டால் பற்றறி தாங்குமா?

பழைய_றேடியோ:
ஆளி திறந்திருக்கும்போது மின் ஓடாது, உண்மைதான். மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் சாமானுக்கு அது பெரிய வரம். உங்களுடையது ஒரு இரவுப் பயணம், மைக்ரோ அம்பியருக்காகச் சாகத் தேவையில்லை. ஃபோன் சார்ஜ் பண்ணும் பவர்பாங்க் ஒன்று போதும். ஆனால் சில பவர்பாங்குகள் மின் குறைவாக இழுத்தால் தானே நின்றுவிடும், வீட்டில் ஒரு இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.

உணரியை அட்டையில் ஒட்டாதீர்கள். ஒரு கட்டைத் துண்டில் இறுக்கிக் கட்டி, அடித்தட்டில் பழம் இருக்கும் இடத்தில் வையுங்கள். நிரலில் டிலே (காத்திருப்பு) போட்டுவிட்டு இடையிடையே பார்க்காமல், அடி பட்டவுடன் உணரியே ஊனோவைக் கூப்பிடும் இன்டரப்டில் எழுப்புங்கள். ஊனோவின் மணிக்கூடு இரவு முழுக்க ஓடினால் சில நிமிடம் முன்பின் ஆகலாம், வவுனியாவா பேலியகொடையா என்று பிரிக்க அது தடையில்லை. லொறி வெளிக்கிட்ட நேரத்தையும் மாற்றி ஏற்றிய நேரத்தையும் சாரதியிடம் எழுதி வாங்குங்கள்.

கொக்குவில்_மாணவன்:
ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்தால் அந்தப் பெட்டி தப்பிவிடுமே?

பழைய_றேடியோ:
தப்பும். அதனால் மற்றப் பெட்டிகளுக்கு அடி பட்டால் சிவக்கும் ஸ்டிக்கர் ஒட்டலாம், 25, 50, 75 ஜீ என்று விற்கிறார்கள். நேரம் சொல்லாது, எந்தப் பெட்டி விழுந்தது என்று மட்டும் தெரியும். பெட்டிக்கு வெளியே தெரியும்படி ஒட்டுங்கள், இறக்குகிறவர்களும் பார்க்கட்டும்.