ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு வேலைக்கு: ரெண்டு வாரமா, ஆறு வாரமா?

வேளிமலை:
எடை குறைப்பு ஆபரேஷன் பற்றி யார் கேட்டாலும், "லேப்ராஸ்கோப்பிதானே, சின்னத் துளை வழியாச் செய்யுறது, ரெண்டு வாரத்துல வேலைக்குப் போயிடலாம்" என்று ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அது நாற்காலி வேலைக்கான கணக்கு. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரிடமும், தேங்காய்ப்பட்டணத்தில் மீன் கூடை இறக்குகிறவரிடமும் அதையே சொன்னால் தையல் விட்டு உள்ளுறுப்பு பிதுங்கும் ஹெர்னியாவில் கொண்டு விடும். வெளித்தையல் பத்து நாளில் காய்ந்துவிடும். உள்ளே தசை உறை பலம் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஸ்லீவ் என்கிற எடை குறைப்பு ஆபரேஷனில் ஏறத்தாழ முக்கால் இரைப்பையை வெட்டி, ஒரு துளையைக் கொஞ்சம் விரித்து அது வழியாக வெளியே எடுக்கிறார்கள். பாரம் தூக்கினால் விட்டுப்போகக் கூடிய இடம் அதுதான். நாலு முதல் ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. பத்து லிட்டர் ரப்பர் பால் வாளி நிறைந்தாலே 10 கிலோ. நிறை கேஸ் சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வரும். வேலைக்குப் போக ஆறு வாரத்துக்கு ஒரு நாள் குறையக் கூடாது என்பது என் கட்சி.

முட்டம்_கரை:
அண்ணே, பாரம் தூக்காதேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். வேலைக்கே போகாதேன்னு ஏன் சொல்லுதீங்க? ஆறு வாரம் கட்டில்ல கிடந்தா காலில் ரத்தம் கட்டுற ஆபத்து கூடும், தசையும் கரையும். எடை வேகமா இறங்குற நேரத்துல கொழுப்போட தசையும் சேர்ந்து போகுது. அதைத் தடுக்க நடையும் புரதமும்தான் வழி. ஆபரேஷன் அன்னைக்கே எழுந்து நடக்கச் சொல்லுறது சும்மா இல்ல. முதல் வாரம் பத்து பத்து நிமிஷமா நாளைக்கு மூணு நாலு தடவை. நாலாவது வாரம் ஒரே மூச்சுல அரை மணி நேரம். அதுக்குள்ள வலை பின்னுறது, ரப்பர் ஷீட் எடை போட்டு எழுதுறது, கடையில கல்லா பார்க்கிறதெல்லாம் தாராளமா செய்யலாம். மூணாம் வாரம் அரை நாள், அஞ்சாம் வாரம் முழு நாள், தூக்குறது மட்டும் ஆறுக்கு அப்புறம். தினக்கூலிக்காரர் ஒன்றரை மாசம் சம்பளம் இல்லாம இருந்தா மாத்திரையும் புரதப்பொடியும் எதில் வாங்குவாரு?

தோவாளைப்பூ:
நீங்கள் இரண்டு பேரும் வாரத்தை எண்ணுகிறீர்கள். முதல் மாதச் சோர்வு பெரும்பாலும் காயத்தால் வருவதில்லை. வயிற்றுக்குள் போகிற அளவால் வருகிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரிதான் போகும். உடம்பு சேமிப்பைக் கரைத்து ஓடுகிறது, கை கால் விட்டுப்போகிறது. அதோடு தண்ணீரும் குறைந்தால் எழுந்து நின்றதும் கண் இருட்டும்.

இலக்கு 60 முதல் 80 கிராம் புரதம், ஒன்றரை லிட்டருக்குக் குறையாத திரவம். நம் வீடுகளில் தவறுவது இங்கேதான். ஆபரேஷன் முடிந்தவருக்கு "கஞ்சித் தண்ணி குடு" என்று மூன்று வாரம் கஞ்சியிலேயே ஓட்டுகிறார்கள். அதில் புரதம் பேருக்குத்தான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் திரவம்தான் என்றாலும் பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மருத்துவர் சொன்ன புரதப்பொடி எல்லாம் திரவமே. மூன்றாம் வாரம் மசித்த உணவு தொடங்கியதும் கணக்கு இப்படி: குழைவாகக் கிண்டிய முட்டை இரண்டு, 12 கிராம். முள் எடுத்து மசித்த மீன் இரண்டு வேளைக்கும் சேர்த்து 100 கிராம் என்றால் 18 கிராமுக்கு மேல். பால் 400 மில்லி, 13. புரதப்பொடி ஒரு கரண்டி, 20க்கு மேல். அறுபதைத் தாண்டிவிட்டது. மரச்சீனிக் கிழங்கையும் புட்டையும் முதலில் வைத்தால் மிஞ்சிய அந்தச் சின்ன இரைப்பையில் மீனுக்கு இடமிருக்காது. புட்டு உதிரியாகப் போய் அடைக்கவும் செய்யும்.

தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. காலை 6 முதல் இரவு 9 வரை மணிக்கு 100 மில்லி, வாய் வாயாக. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள், எத்தனையாவது வாரமானாலும் சரி.

வேளிமலை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பால்வெட்டுக்காரர் விடியும் முன்னே தோட்டத்தில் இறங்கி, வெட்டி முடித்து, பால் எடுத்து ஷெட்டுக்கு வர நேரமாகிவிடும். மணிக்கு 100 மில்லியை யார் நினைப்பூட்டுவது? ஆகவே தேதியை யோசித்துக் குறியுங்கள். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் காலத்தில் ஆபரேஷன் வைத்தால் ஆறு வாரமும் கூலி போகாது. விசைப்படகுக்காரருக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவசரமில்லாத ஆபரேஷன், சர்ஜனிடம் கேட்டால் தேதி மாற்றித் தருவார்.

முட்டம்_கரை:
தேதி யோசனை அருமை அண்ணே, அதுல எதிர்ப்பு இல்ல. ஆனா வள்ளத்துல, அதாவது நாட்டுப்படகுல போறவங்களுக்கு அந்தத் தடை கிடையாது, அவங்களுக்கு அரை நாள் கணக்குதான் உதவும். இன்னொண்ணு: பிரஷர், சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே முழுங்கிட்டு "ஆபரேஷன்ல சக்தியே போச்சு"ன்னு சொல்லுறவங்க நிறைய. சாப்பாடு குறைஞ்சா சர்க்கரையும் பிரஷரும் தானா இறங்கும். பழைய டோஸே ஓடினா தலைசுத்தல், வியர்வை, கை நடுக்கம் வரும். அந்த நிலையில படகுலயோ பைக்குலயோ ஏறினா என்ன ஆகும்? வேலைக்குப் போற முன்னாடி டாக்டர்கிட்ட டோஸைக் குறைச்சு வாங்கணும், தானா நிறுத்தவும் கூடாது.

தோவாளைப்பூ:
மூன்றாம் மாதம் வரும் சோர்வு வேறு வகை. இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி பார்க்க ரத்தப் பரிசோதனை வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதை உறிஞ்ச விடாது, 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பால் சேர்க்காத கட்டன் சாயாவோடு இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம். கால்சியத்தில் சிட்ரேட் வகை கேளுங்கள், அதற்கு வயிற்று அமிலம் தேவையில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்தி நிற்காமல் சில நாள் தொடர்ந்தால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அறிகுறி. பக்கத்து கிளினிக்கில் க்ளூக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். "எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர், பி1 ஊசி முதலில்" என்று கூட வருகிறவர் சொல்ல வேண்டும்.

முட்டம்_கரை:
சரிக்கா. அண்ணே, ஒரு கேள்வி பாக்கி. வயித்துல பெல்ட் கட்டிக்கிட்டு நாலாவது வாரமே பாரம் தூக்குறாங்களே, அது?

வேளிமலை:
பெல்ட் இருமும்போதும் எழும்போதும் வலியைக் குறைக்கும். உள்தையலுக்கு அது பலம் தராது. வலி தெரியாததால் கூடுதலாகத் தூக்கிவிடுகிறார்கள், அதுதான் வினை. நின்று இருமும்போது தழும்புப் பக்கம் முட்டையளவு புடைப்பு வந்து, படுத்தால் உள்ளே போனால், அந்த வாரமே சர்ஜனைப் பாருங்கள். படுத்தும் உள்ளே போகவில்லை, வலியும் வாந்தியும் இருக்கிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.