நாஷ்வில், மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் காரில் போனவர்களே: மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம் எது?

கோடைப்பயணி

ஜூலையில் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, நாஷ்வில்லில் காலேஜ் நண்பன் வீடு, மெம்பிஸில் பழைய ரூம்மேட் வீடு, அப்புறம் நியூ ஆர்லியன்ஸில் மாமா பையன் வீடு என்று பத்து நாள் சுற்றினோம். வழியும் சாப்பாடும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். மெம்பிஸில், பழைய சினிமா தியேட்டரை ஸ்டூடியோவாக்கிய ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனியின் மியூசியம் வாசலில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், மூன்று வாரமாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

மதியம் இரண்டரை மணி. மெக்லெமோர் அவென்யூ தார் ரோடு காலுக்குக் கீழே கொதிக்கிறது. உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே அந்தப் பழைய சினிமா தியேட்டர் முகப்புக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர், அந்த வெயிலிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, சுவர் ஓரமாக வந்து உள்ளங்கையை விரித்துச் செங்கல்மேல் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "இது அந்தச் சுவர் இல்லை, தெரியுமா?" என்றார்.

தெரியும், உள்ளே படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். 1975 கடைசியில் கம்பெனி திவாலானது, 1989-ல் கட்டடத்தை இடித்தார்கள், அதே இடத்தில் அதே மாதிரி கட்டி 2003-ல் மியூசியமாகத் திறந்தார்கள். ஆனால் அவர் சொன்னது வேறு. சின்னப் பையனாக இருந்தபோது இதே தெருவில் குடியிருந்தாராம். தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தில், கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான எஸ்டெல் ஆக்ஸ்டன் அம்மா ரெக்கார்டு கடை வைத்திருந்தார் இல்லையா, பள்ளிக்கூடம் விட்டதும் பசங்கள் எல்லாம் அங்கேதான். "பின்னாடி ஸ்டூடியோவில் பதிவான பாட்டைக் கடையில் போட்டுவிட்டு அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்ப்பார். எங்கள் கால் ஆடவில்லை என்றால் பாட்டு திரும்ப உள்ளே போய்விடும்" என்றார். சொல்லும்போதே வலது பாதம் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் கையைச் சுவரிலிருந்து எடுக்காமலே, "இடித்த அன்றைக்கு நான் இங்கேதான்..." என்று ஆரம்பித்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நண்பன் ஹார்ன் அடித்தான். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அதற்குள் இப்போது மியூசியமாக இருக்கும் லொரெய்ன் மோட்டலைப் பார்த்தாக வேண்டும் என்று அவனுக்கு அவசரம். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

லொரெய்ன் மோட்டலில் 306-ம் எண் அறைக்கு எதிரே நிற்கும்போதுதான் உறைத்தது. 1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இடம் அது. ஸ்டாக்ஸ் இசைக்காரர்கள், கறுப்பர் வெள்ளையர் இரு தரப்பும், ஒன்றாக உட்கார முடிந்த விடுதியும் அதுதான். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே வாழ்ந்த ஒரு மனுஷன் என்னிடம் வாயைத் திறந்தார், நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க ஓடினேன். அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று தெரியாமல் ராத்திரியில் விழித்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஸ்காபரோ பொடியன்

அண்ணா, எனக்கு நாஷ்வில். போன வருசம் டொரொண்டோவில் இருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிப் போனோம், சிநேகிதன் அங்கே வேலை எடுத்திருந்தான். பிராட்வே தெருவில் பாட்டு நடக்கிற ஒரு பார், பேர் வேண்டாம், உள்ளே போகக் காசில்லை, பாட்டு காலையில் தொடங்கி இரவு வரை. மேடையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாளியில் விழுகிற காசுதான் சம்பளம் என்று எனக்கு அப்போது தெரியாது.

பெடல் ஸ்டீல் என்கிற, படுக்கவைத்து வாசிக்கும் கிட்டாரை வாசித்த மனுசன் இடைவேளையில் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். விரல்களில் அந்த உலோக நகங்களைக் கழற்றவில்லை, வாளியின் விளிம்பில் பட்டுச் சிணுங்குகிற சத்தம் எனக்கு இப்பவும் கேட்கிறது. எங்கள் மேசையில் ஆறு பேர். எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்கு முதல் ஒரு மணித்தியாலமாக அவர் வாசித்ததை வீடியோ எடுத்தது நான்தான், கண் கலங்கினதும் நான்தான். அவர் சிரித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வெளியே வந்த பிறகு சிநேகிதன் விளக்கினான். திரும்பிப் போய் இருபது டொலர் போடலாம் என்று பார்த்தால் அடுத்த குழு ஏறிவிட்டது. அந்த வீடியோவை நான் இன்னும் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

வரைபடம்

தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் பிராட்வேயை மட்டும் பார்த்துவிட்டு நாஷ்வில் போனேன் என்று சொல்லாதீர்கள். அந்த ஊரின் உயிர் பாட்டு எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. என் அனுபவம் ப்ளூபேர்ட் கஃபேயில். 1982-ல் தொடங்கிய இடம், கடை வரிசைக்கு நடுவே, சுமார் 90 பேர்தான் உட்காரலாம். நண்பர் ஏதோ சொல்ல என் பக்கம் சாய்ந்தார், பக்கத்து மேசைப் பாட்டியம்மா உதட்டில் விரலை வைத்தார். நடுவில் வட்டமாக நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் நூறு தடவை வேறொருவர் குரலில் கேட்ட பாட்டை, எழுதியவரே கரகரத்த குரலில் பாடினார். இரண்டாவது சரணத்தில் அவர் மூச்சு இழுத்தது கூடக் கேட்டது.

சரி, இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜூனில் நாஷ்வில்லில் கன்ட்ரி இசை விழா வரும், அந்த வாரம் ஹோட்டல் விலை கையைச் சுடும், நண்பர் வீடு இருந்தால் ஒழியப் போகாதீர்கள். ரைமன் அரங்கத்துக்குப் பகலில் போனாலும் மர பெஞ்சில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். 1892-ல் பிரார்த்தனைக் கூடமாகத் திறந்த கட்டடம், கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை ரேடியோ நிகழ்ச்சி 1943-லிருந்து 1974 வரை அங்கேதான் நடந்தது. புது அரங்கத்துக்கு மாறியபோது பழைய மேடையிலிருந்து ஒரு வட்டம் மரத்தை அறுத்து எடுத்துப் போய்ப் புது மேடை நடுவில் பதித்தார்கள். 2010 வெள்ளத்தில் அதுவும் மூழ்கியது, காயவைத்துச் சரிசெய்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்கள், அதையும் போய்ப் பாருங்கள். நாஷ்வில்லிலிருந்து மெம்பிஸுக்கு ஐ-40 நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரச் சொச்சம், லாரிகள் அதிகம், அவசரம் இல்லாதவர்கள் நாச்சஸ் ட்ரேஸ் பாதையைப் பிடித்து எல்விஸ் பிறந்த டூபெலோ வழியாகச் சுற்றி வரலாம். 444 மைல் நீளப் பாதையில் பெரும்பகுதி 50 மைல் வேகம்தான், லாரி கிடையாது, பாதையை விட்டு இறங்கினால்தான் பெட்ரோல் கிடைக்கும், அதனால் டேங்க்கை நிரப்பிக்கொண்டே ஏறுங்கள், மாலை மங்கினால் மான் குறுக்கே வரும். ஆகஸ்ட் நடுவில் மெம்பிஸ் போகாதீர்கள், எல்விஸ் நினைவு வாரம், கூட்டம் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் அல் கிரீன் நடத்தும் தேவாலயத்துக்குப் போனால் அது ஆராதனை என்பதை மறக்காமல் போனைப் பையில் வையுங்கள், காணிக்கைத் தட்டு வரும்போது போடுங்கள். மிஸிஸிப்பியில் இறங்கினால் ப்ளூஸ் கிட்டார்க்காரர் ராபர்ட் ஜான்சன் சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற நாற்சந்தி கிளார்க்ஸ்டேலில் இருக்கிறது, படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். போகிற வீட்டுக்கு வெறும் கையோடு போகாதீர்கள், பருப்புப் பொடியோ ஊறுகாயோ எடுத்துப் போங்கள், அந்த ஊர்களில் நம் கடை எல்லா இடத்திலும் இல்லை.

அலபாமா அம்மா

ட்ரேஸ் பாதையைச் சொன்னீர்கள், அதிலிருந்து கொஞ்சம் விலகினால் வரும் அலபாமா ஊர் மஸில் ஷோல்ஸை விட்டுவிட்டீர்களே. எங்களுக்கு ஹன்ட்ஸ்வில்லில் நாத்தனார் வீடு, அங்கிருந்து போனோம். 1967 ஜனவரியில் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அங்கிருந்த ஃபேம் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு பாட்டு முடித்ததும் சண்டை வந்து கிளம்பிவிட்டார், அந்த ஒரு பாட்டே அவரைத் தூக்கி நிறுத்தியது. அங்கே வாசித்த நாலு பேர் 1969-ல் பிரிந்து போய் ஷெஃபீல்டில் 3614 ஜாக்சன் ஹைவே என்ற முகவரியில் சொந்தமாகத் தொடங்கினார்கள். நான் சொல்ல வந்தது அந்த ரெண்டாவது இடம். வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சாயத்து ஆபீஸ் அளவுதான். சுற்றிக்காட்டியவர் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார், சத்தம் அப்படியே விழுந்து செத்தது. என் ஒன்பது வயசுப் பெண் தானும் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்கே பொய் சொன்னால் தெரிந்துவிடும்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டேன், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீணைக்காரி

வரைபடம் அண்ணா, கோபமாகவே எழுதுகிறேன், மன்னியுங்கள். அந்த "சாத்தானுக்கு விற்ற" கதையை இனியாவது எழுதாதீர்கள்.

நான் கிளார்க்ஸ்டேலில் அதே கேள்வியைக் கேட்டுத் தலை குனிந்தவள். 61-ம் 49-ம் எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் கம்பத்தில் நீல கிட்டார்கள் மாட்டியிருக்கும், படம் எடுத்தோம். இரவு ஒரு சின்ன இடத்தில், ஏசி பெயருக்கு ஓடியது, ஒரு பெரியவர் தனியாக வாசித்தார். முடிந்ததும் நான் போய், நாற்சந்திக் கதை நிஜமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இடது கையை நீட்டி, "தொட்டுப் பார்" என்றார். விரல் நுனியில் கம்பி அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம், அதைச் சுற்றிச் சந்தனக்கல் மாதிரி இறுகிய தோல். என் வீணை டீச்சர் விரலில் இருக்கும் அதே பள்ளம். என் விரலிலும் எட்டு வருஷம் இருந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் மறைந்துவிட்டது.

ராபர்ட் ஜான்சன் முதலில் சுமாராகத்தான் வாசித்தார், ஊரை விட்டுப் போனார், திரும்பி வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நடுவில் ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்க்காரர் வீட்டில் தங்கி, ராத்திரியில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பேர் சாதகம். நம் ஊரில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அகாரம் பிடித்தவரைப் பார்த்து யாராவது பேயிடம் வாங்கிய குரல் என்பார்களா? 1938-ல் 27 வயதில் இறந்த மனுஷன், விட்டுப் போனது 29 பாட்டு. அந்த உழைப்பைப் பிடுங்கி ஏன் சாத்தானுக்குக் கொடுக்க வேண்டும்?

வரைபடம்

வீணைக்காரி, கல்லறைத் தோட்டம் எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் போதும் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

தாமிரபரணி

இதற்கெல்லாம் நடுவில் என் கதை பொருந்துமா தெரியவில்லை. நியூ ஆர்லியன்ஸ், ஜூன், சனிக்கிழமை. நர்ஸாக இருக்கும் என் தோழி வீட்டிலிருந்து டிரமே என்ற பழைய பேட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம், முன்னறிவிப்பே இல்லாமல் எதிரே ஒரு சாவு ஊர்வலம். முன்னால் குடும்பமும் பேண்டும், அதுதான் முதல் வரிசை. பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், அதைத்தான் இரண்டாம் வரிசை என்கிறார்கள். ட்யூபா வாசித்தவர் சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. ரொம்ப மெதுவான தோத்திரப் பாட்டு. ஸ்னேர் டிரம்மின் சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருந்தது.

சவ வண்டி ஒரு முனையில் அவர்களை விட்டுப் பிரிந்து போனது. பேண்ட் நின்றது. டிரம்காரர் குனிந்து, டிரம்மின் அடியில் நரம்புக்கும் தோலுக்கும் நடுவே செருகியிருந்த ஒரு வெள்ளைக் கைக்குட்டையை உருவி எடுத்தார். முகத்தைத் துடைத்தார். பையில் வைத்தார். அடுத்த அடி விழுந்ததும் தெருவே திறந்துகொண்டது, அப்படி ஒரு சத்தம், குடை விரித்து அழுதுகொண்டே ஆடுகிறார்கள்.

2021 மே மாதம் என் அப்பா அம்பாசமுத்திரத்தில் போனார். என்னால் போக முடியவில்லை. வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன், தெருமுனையில் பறை அடித்தவர் ஒருவர்தான், கூட்டமும் கூடாது என்று உத்தரவு. நெட் விட்டு விட்டு வந்ததில் பறைச் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்கவே இல்லை.

நான் நடைபாதையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஊர்வலத்தில் வந்த ஒரு வயதான அம்மா நின்று, என் மணிக்கட்டைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. கையை விடாமல் ரோட்டுக்கு இழுத்தார். நாலு தெரு நடந்தேன். இறந்தவர் பேர் கூட எனக்குத் தெரியாது.

கோடைப்பயணி

தாமிரபரணி அக்கா, படித்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

மெம்பிஸ் நண்பனிடம் பேசினேன். அந்தத் தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை இருக்கிறதாம், சனிக்கிழமை பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் இடம், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம், நீ கேட்காதே, நானே வருகிறேன் என்றேன். அட்லாண்டாவிலிருந்து ஆறு மணி நேரம். செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறைக்குப் போகிறேன்.